அத்தை வண்டி, மஞ்சள் வண்டி, என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் பெர்னார்ட் மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளிய எங்க நீலசந்திரா ஏரியா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இத நான் அவருக்குத் தெரியாம சொல்லல. அவரு எதிர்லயே சொல்லுவேன், அவரும் ஆமான்னு தலையாட்டுவாரு. நாய்னா பயம், லிஃப்ட்னா பயம், ஊசின்னா பயம். மெட்ரோ ஸ்டேஷன்ல எல்லாரும் முன்னாடி முண்டுவாங்க, இவரு சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டு நிப்பாரு. வீட்ட விட்டுக் கெளம்பறப்ப கேஸ் மூடியாச்சான்னு பாத்துட்டு வந்து செருப்பு போடுவாரு. போட்ட செருப்பக் கழட்டிட்டு மறுபடியும் உள்ள போவாரு. கல்யாணமான புதுசுல எனக்கு சிரிப்பா இருந்துச்சு, அப்புறம் பேஜாரா இருந்துச்சு. நான் பொம்மசந்திராவுல ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனில லைன் சூப்பர்வைசர். பகல் பூரா கத்திக் கத்தி வேல வாங்கிட்டு வந்தா, வீட்லயும் "யோவ், மூடியாச்சுய்யா, வாய்யா"ன்னு கத்தணும்.

இவ்ளோ பயந்த ஆளு என்ன வேல பாக்கறாருன்னு கேட்டா நம்ப மாட்டீங்க. டிரைவர் வேல. அதுவும் இந்த பெங்களூர் ரோட்டுல. ஆனா பாருங்க, அந்தப் பயத்தாலதான் அவரு நல்ல டிரைவர். சின்னக் கீறல் விழுந்தது கெடையாது. முன்னாடி போற ஆட்டோக்காரன் என்ன நெனைக்கிறான்னு அவன விட இவரு முன்னாடியே நெனச்சுப் பயந்துடுவாரு. அதப் பாத்துதான் அனந்தபத்மநாபன் சார் இவர வேலைக்கு வெச்சுக்கிட்டாரு. "பயப்படற ஆள்தான்டா என் வண்டிக்கு வேணும்"னு சொன்னாராம்.

சார் வீடு அல்சூர் ஏரிக்குப் பக்கத்துல, பழைய பங்களா. அவங்க தமிழ்க்காரங்கதான், ஆனா தாத்தா காலத்துலயே மைசூர் சமஸ்தானத்துல வேலைக்கு வந்து இங்கயே தங்கிட்டவங்க. தமிழ்ல ஆரம்பிச்ச பேச்ச கன்னடத்துல முடிப்பாங்க. அந்தத் தாத்தா முப்பத்தெட்டாம் வருஷம் ஒரு இங்கிலீஷ் கார் வாங்கினாரு. கறுப்பு வண்டி, பக்கத்துல நீளமா ஃபுட்போர்டு, முன்னாடி ரெண்டு பெரிய கண்ணு. அதே வருஷம் சாரோட அத்தை பொறந்தாங்களாம். அதனால அந்த வீட்ல அதுக்குப் பேரு அத்தை வண்டி. நெஜ அத்தை போய் ரொம்ப நாளாச்சு. வண்டி இன்னும் ஓடுது.

ஓடுதுன்னா சும்மா ஓடாது. மொதல்ல ஒரு குமிழப் பிடிச்சு இழுக்கணும், கொஞ்சம் காத்திருக்கணும், அப்புறம் சாவி, அப்புறம் ஒரு பொத்தான். குளிர்ல மூடு வராது. எண்ணெய் சொட்டும், அதுக்குக் கீழ ஒரு தட்டு எப்பவும் இருக்கும். எங்க என்ன கோளாறுன்னாலும் சத்தம் போட்டே சொல்லிடும். உடைஞ்ச பாகம் எங்கயும் கெடைக்காதுதான், ஆனா ஜேசி ரோட்டுல லேத் பட்டறையில குடுத்தா அதே மாதிரி கடைஞ்சு குடுத்துடுவாங்க. அப்புறம் பெட்ரோல் வாசனை. அந்தக் காலத்து வண்டிங்க எல்லாமே அப்படித்தானாம். ஷெட்டு, வராண்டா, ஹால் திரைச்சீலை வரைக்கும் அந்த வாசனை. புதுசா வர்றவங்க மூக்கச் சுளிச்சா, சார் வீட்டம்மா ருக்கு அம்மா, "அது ஒண்ணுமில்ல, எங்க அத்தை வாசனை"ன்னு சிரிப்பாங்க. என் வீட்டுக்காரர் சட்டையிலயும் அதே வாசனைதான். துவைச்சாலும் போகாது. எனக்குப் பழகிடுச்சு.

இவருக்கு மட்டும் பழகல. என்னிக்காவது ஒருநாள் அந்த வண்டி பத்திக்கும்னு பயந்துட்டே இருந்தாரு. டிரைவர் சீட்டுக்குக் கீழ ஒரு செகப்பு சிலிண்டர், நெருப்பணைக்கிறது, வெச்சிருந்தாரு. வருஷா வருஷம் சார கெஞ்சி மாத்திடுவாரு. வேல நேரத்துல அத ஒருமுறை தொட்டுப் பாத்துக்குவாரு. சாரோட மகன் ஷ்ரேயாஸ் இவருக்கு ஃபயர் ஆபீசர்னே பேரு வெச்சுட்டான்.

அந்த ஷ்ரேயாஸ்தான் மஞ்சள் வண்டிய வாங்கினது. சாஃப்ட்வேர் கம்பெனி வெச்சு நல்லா வந்த பையன். கெட்ட பையன் இல்ல, என்ன அக்கான்னுதான் கூப்பிடுவான். இத்தாலிலேர்ந்து வந்த வண்டி. அது எந்தக் கம்பெனின்னு நான் சொல்லப் போறதில்ல. தரையோட தரையா படுத்துக் கெடக்கும். கதவு கொஞ்சம் வெளிய விலகி, அப்புறம் மேல எழும்பும். ஸ்டார்ட் பண்ணா எதுத்த வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். மொத நாள் இவரு வழக்கம்போல முன்னாடி மூடியத் தொறந்து பாத்தாரு. உள்ள ஒரு பை வெக்கற எடம் மட்டும்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து, "முன்னாடி ஒண்ணுமே இல்ல பவுலின், எஞ்சின் சீட்டுக்குப் பின்னாடி இருக்கு, அது என்ன பண்ணுதுன்னு உக்காந்திருக்கறவனுக்குத் தெரியவே தெரியாது"ன்னாரு. அன்னிக்கி சோறு சரியா எறங்கல அவருக்கு.

இதுக்கும் ஒரு சிலிண்டர் வாங்கி வெக்கலாம்னு ஷ்ரேயாஸ்கிட்ட கேட்டிருக்காரு. அவன் சிரிச்சிருக்கான். "பெர்னார்ட், இதுல எல்லாத்துக்கும் சென்சார் இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா அதுவே சொல்லும்." இவருக்கு பெரிய எடத்துல ரெண்டாவது தடவ கேக்கவும் பயம். விட்டுட்டாரு.

அப்பனுக்கும் மகனுக்கும் சாப்பாட்டு மேசையில இதான் சண்டை. பழைய வண்டி சேக்கறவங்க, புது வண்டி சேக்கறவங்கன்னு ஊர்ல ரெண்டு கூட்டம் இருக்கே, ஒரே வீட்ல ரெண்டும். "அப்பா, உங்களோடது நின்னுண்டு இருக்கற வண்டி. என்னோடது ஓடற வண்டி"ம்பான் மகன். "இதுக்கும் ஒருநாள் எண்பது வயசு ஆகும்டா. அப்போ அந்தக் கம்ப்யூட்டருக்கு உயிர் குடுக்க எவன் இருப்பான்? ஒரு லைட்டு போனாலே பார்ட்டு ஏரோப்ளேன்ல வரணும்"பாரு அப்பா. "உங்க வண்டில பிரேக் புடிச்சா அடுத்த சிக்னல்லதானே நிக்கறது"ன்னு இவன். ருக்கு அம்மா ரசம் ஊத்திட்டே, "ரெண்டையும் வித்துட்டு எனக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் குடுங்கோ"ம்பாங்க. இதெல்லாம் இவரு வந்து எனக்குச் சொல்லுவாரு. உனக்கு எது புடிக்கும்யான்னு கேட்டா, "ரெண்டும் பயம்தான். அத்தை பயமுறுத்திட்டுக் கடிக்கும், இன்னொண்ணு சொல்லாமக் கடிக்கும்"பாரு.

போன வருஷம் ஆயுத பூஜை அன்னிக்கி நடந்தது இது. நாங்க கோயிலுக்குப் போறவங்க இல்ல, மாதா கோயில்காரங்க. ஆனா இந்த ஊர்ல டிரைவர் பொண்டாட்டிக்கு ஆயுத பூஜை இல்லாம முடியாது. வருஷா வருஷம் ருக்கு அம்மா கூப்பிடுவாங்க, நானும் புதுப் புடவை கட்டிட்டுப் போவேன். பொரி, கடலை, ஸ்வீட் வாங்கிட்டு வருவேன். அன்னிக்கும் போனேன். கேட்டு ரெண்டு தூண்லயும் முழு வாழக்கன்னு கட்டியிருந்தாங்க. ரெண்டு வண்டியும் வாசல்ல பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு, சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலையோட. ஷ்ரேயாஸோட கார்க்கூட்டாளிங்க கேமராவோட வந்திருந்தாங்க. பழசையும் புதுசையும் பக்கத்துல நிறுத்தி எது ஒசத்தின்னு வீடியோ எடுக்கணுமாம்.

கால வெச்ச ஒடனே எனக்கு பெட்ரோல் வாசனை தூக்கலா வந்துச்சு. இவரு ஏற்கனவே வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்னாரு. பூசணிக்கா மேல கற்பூரம் ஏத்தற நேரம், இவரு சார்கிட்டப் போய், "சார், வாசனை இன்னிக்கி ஜாஸ்தியா இருக்கு, கற்பூரத்த ரோட்டுல ஏத்திக்கலாமா"ன்னு கேட்டாரு. "அத்தைக்கு இன்னிக்கி விசேஷம், செண்ட் போட்டுண்டு இருக்கா"ன்னு சார் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். கற்பூரம் ஏத்தினாங்க. இவரு கண்ண மூடிட்டு, வாய்க்குள்ள அருள் நிறைந்த மரியே சொல்லிட்டிருந்தாரு. ஒண்ணும் ஆகல.

ஆனா இவருக்கு மனசு கேக்கல. ஆரத்தி முடிஞ்சதும் அத்தை வண்டி பாட்டரி ஒயரக் கழட்டினாரு. தோட்டக்காரரு நாராயணசாமியையும் ரெண்டு மூணு பேரையும் சேத்துக்கிட்டு, வண்டியத் தள்ளியே டயருக்குக் கீழ இருந்த எலுமிச்சம்பழத்த நசுக்கி, கேட்டுக்கு வெளிய ரோட்டோரம் தூங்குமூஞ்சி மரத்தடில கொண்டுபோய் நிறுத்திட்டாரு. அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்துச்சு. வண்டி போன பிறகும் வாசல்ல வாசனை போகல. அது எங்க யாருக்கும் ஒறைக்கல. இத்தனை வருஷமா அந்த வீட்ல பெட்ரோல் வாசனைன்னா அத்தை, அத்தைன்னா பெட்ரோல் வாசனை. வேற எதையும் நெனைக்கத் தெரியாது எங்களுக்கு.

மஞ்சள் வண்டியும் எலுமிச்சம்பழத்து மேல ஏறி எறங்கணுமே. ஷ்ரேயாஸ் ஸ்டார்ட் பண்ணான். ருக்கு அம்மா என் தோளத் தொட்டு, "பவுலின், நீ இதுல ஏறினதே இல்லையே, ஒரு ரவுண்டு போயிட்டு வாயேன்"ன்னாங்க. நான் வேணாம்மான்னேன். இவரு வேகமா, "வேணாம் மேடம், அவளுக்கு ஆகாது"ன்னாரு. அதக் கேட்டதும் எனக்கு எரிச்சல். உன் பயத்த என் தலையில ஏன்யா கட்டறன்னு, வீம்புக்குன்னே போய் ஏறினேன்.

ஏறினேன்னு சொல்லக்கூடாது, விழுந்தேன். சீட்டு அவ்ளோ கீழ. காலு முன்னாடி நீட்டிக்கிச்சு, புடவை சுருட்டிக்கிச்சு, பெல்ட்ட அவனே மாட்டிவிட்டான். ஏரியச் சுத்தி ஒரு ரவுண்டுதான். பஸ்ஸோட சக்கரம் என் தலைக்கு மேல சுத்துது. முதுகுக்குப் பின்னாடி ஏதோ உறுமிக்கிட்டே வருது. ஷ்ரேயாஸ் சிரிச்சிட்டே ஒரு மிதி மிதிச்சான். கைப்பிடியப் பிடிச்ச கைய நான் எடுக்கவே இல்ல. வீடு வந்துச்சுன்னதும் மாதாவே நன்றின்னேன்.

கேட்டுக்குள்ள மூக்கு நுழைஞ்சதும் வண்டிய நிறுத்தினான். பாதி வண்டி உள்ள, பாதி ரோட்டுல. கேமராவுக்கு வாழக்கன்னு நடுவுல வர்றது அழகாம். எஞ்சின ஓடவிட்டுட்டு, "ஒரு நிமிஷம் அக்கா"ன்னு எறங்கி, கூட்டாளிங்ககிட்டப் போனான். எதிர்ல ஆரத்தித் தட்டோட இவரு நின்னாரு. "பெர்னார்ட், அத்தைய இங்க பக்கத்துல கொண்டாங்க, ரெண்டும் சேந்து வேணும்"னு ஷ்ரேயாஸ் சொல்றது எனக்குக் கேட்டுச்சு. இவரு முடியாதுன்னு தலையாட்டினாரு. அந்த மனுஷன் முதலாளி வீட்ல முடியாதுன்னு சொல்லி நான் பாத்தது அதான் மொத தடவ.

அப்பதான் முன்னாடி இருந்த திரையில ஏதோ எழுத்து வந்துச்சு. இங்கிலீஷ்ல, ரொம்ப மரியாதையா. வண்டிய நிறுத்துங்க, டீலரக் கூப்பிடுங்கன்னு. நான் அதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பின்கழுத்து சுட்டுச்சு. திரும்பிப் பாத்தேன். சீட்டுக்குப் பின்னாடி இருந்த சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சா ஆடுது. செவ்வந்தி மாலைன்னு ஒரு நொடி நெனச்சேன். நெருப்பு.

எனக்குக் கத்த வரல. என் வாய்க்கு ஒரு லைன் பொம்பளைங்க நடுங்குவாங்க, அந்த வாய் தொறக்கல. கதவுல எங்க எதப் பிடிச்சு இழுக்கறதுன்னு தெரியல. கைக்குக் கெடச்சதெல்லாம் அமுக்கினேன். கதவு விரலளவு விலகி வாழக்கன்னு கட்டின தூண்ல இடிச்சு நின்னுடுச்சு. பெல்ட்ட எப்படிக் கழட்டறதுன்னும் தெரியல. முந்தானை அதுக்குள்ள மாட்டியிருந்துச்சு. பொகை உள்ள வர ஆரம்பிச்சுது. முன்கண்ணாடில பாத்தேன். இவரு அங்கயே நின்னாரு. என் கண்ணப் பாத்தாரு. நெருப்பையும் பாத்தாரு. கையிலேர்ந்து தட்டு விழுந்துச்சு, குங்குமத் தண்ணி அவரு வேட்டியெல்லாம் கொட்டுச்சு. அப்புறம் திரும்பி ஓடிட்டாரு.

பக்கத்துல ஆளுங்க போற சின்னக் கேட்டு ஒண்ணு இருக்கு. அது வழியா வெளிய போறாரு. அவரு முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. சட்டை முதுகெல்லாம் வேர்வை. அந்த முதுகு மறைஞ்சுது பாருங்க, அப்ப வந்த பயம் அந்த நெருப்பப் பாத்தப்பக் கூட எனக்கு வரல. போயிட்டாருன்னு நெனச்சேன். கல்யாணம் பண்ணி ரெண்டு பொண்ணு பெத்து ஒண்ணா வாழ்ந்த மனுஷன், என்ன இதுல விட்டுட்டுப் போயிட்டாரு. என் பொண்ணுங்க பேரச் சொல்லி மாதாவக் கூப்பிட்டேன்.

ஷ்ரேயாஸ் டிரைவர் பக்கம் பாஞ்சு வந்தான். முந்தானை சுருட்டுல பெல்ட் பொத்தான் அவனுக்குக் கிடைக்கல. "அக்கா, அக்கா"ன்னு அழுவுறான். தலைக்குப் பின்னாடி கண்ணாடி டப்புன்னு விரிஞ்சுது. அப்பதான் வெளிய புஸ்ஸுனு ஒரு சத்தம். கண்ணாடி பூரா வெள்ளையாச்சு. நெருப்பு தணிஞ்சுது, மறுபடி எழும்புச்சு, மறுபடி புஸ்ஸுன்னுச்சு. அந்த எடவெளில பெல்ட் கழண்டுச்சு. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருந்த மேட்டு மேல புடவை கிழிய என்ன இழுத்துப் போட்டான். தரையில உருண்டு எந்திரிச்சுப் பாத்தா, ரோட்டுப் பக்கம், நெருப்புக்கு நேர் எதிர்ல, தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை மாவு பூசின மாதிரி ஒரு ஆளு. செகப்பு சிலிண்டர ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு நிக்கறாரு. அது காலியான பிறகும் அமுக்கிட்டே இருந்தாரு. நாராயணசாமிதான் கைய விரிச்சு வாங்க வேண்டியிருந்துச்சு.

ஃபயர் என்ஜின் வந்து மிச்சத்த அணைச்சாங்க. மஞ்சள் வண்டிக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இல்ல. எனக்கு முழங்கையில சிராய்ப்பு, அவ்ளோதான். ஷ்ரேயாஸ் தரையிலயே உக்காந்துட்டான். அப்புறமா வண்டிக் கம்பெனி ஆளுங்க வந்து பாத்துட்டு, எஞ்சின் பக்கம் ஒரு பெட்ரோல் பைப்புல வெடிப்பு, கொஞ்ச நாளாவே கசிஞ்சிருக்கும்னு சொன்னாங்களாம். ருக்கு அம்மா எனக்கு ஃபோன் பண்ணி, "பாவம், அத்தை மேல பழி போட்டுட்டோமே"ன்னு அழுதாங்க.

அதுலேர்ந்து என் வீட்டுக்காரர் பெரிய மனுஷனாயிட்டாரு. வண்டி சேக்கறவங்க சங்கத்துல சால்வை போடறோம்னு கூப்பிட்டாங்க. சர்ச்சுல பூசை முடிஞ்சு வெளிய வந்தா, தெரியாதவங்கல்லாம் கை குடுக்கறாங்க. "நெருப்புன்னதும் என்ன செய்யணும்னு தெரிஞ்சு ஓடினாரு பாரு"ன்னு சார் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்றாரு. சால்வைக்கு இவரு போகல. கை குடுக்கறவங்களப் பாத்தா வேற பக்கம் நழுவறாரு. சாப்பாடு கொறைஞ்சு போச்சு. நான் பயந்துட்டேன், ஒடம்புக்குள்ள ஏதாவது வந்துடுச்சோன்னு.

ஒரு ஞாயித்துக்கிழம காலம்பர பூசைக்குக் கெளம்பிட்டிருந்தோம். பொண்ணுங்க ஜூலியாவும் ஆஷ்லியும் முன்னாடி எறங்கிட்டாங்க. நான் பூட்டக் கையில வெச்சிட்டு நின்னேன். இவரு செருப்பப் போட்டுட்டு அப்படியே நின்னாரு.

"பவுலின், நான் சிலிண்டர் எடுக்க ஓடல."

தரையப் பாத்துட்டே சொன்னாரு.

"ஓடணும்னுதான் ஓடினேன். எங்கயாவது. வெளிய போனா அத்தை வண்டி நின்னுது, கதவத் தொறந்து உள்ள பூந்துட்டேன். குனிஞ்சு ஒளிஞ்சுக்கத்தான் பூந்தேன். கையில அது பட்டுச்சு. அப்பவும் ஒடனே எடுக்கல. இங்கயே இருந்துடலாம்னு தோணுச்சு. எல்லாரும் வேற மாதிரி சொல்றாங்க. எனக்குத் தாங்கல."

எனக்குக் கோவம் வரும்னு நெனச்சேன். வரல. "எனக்குத் தெரியும்யா"ன்னேன். "உன் முதுகப் பாத்தப்பவே தெரியும். சிலிண்டர் எடுக்கப் போறவன் அப்படி ஓட மாட்டான்."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? பயமில்லாதவன் வந்து அணைச்சிருந்தா அவன் வேலைய அவன் பாத்தான்னு போயிருப்பேன். நீ அவ்ளோ பயத்த வெச்சிட்டு அந்த நெருப்புகிட்டத் திரும்பி வந்தியே. எப்படிய்யா வந்த?"

"தெரியல பவுலின்"னாரு. உண்மையாவே தெரியல அவருக்கு, மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுது. அப்புறம், "கேஸ் மூடினேனா?"ன்னாரு.

மூடினத நானே பாத்தேன். வேற நாளா இருந்தா கத்தியிருப்பேன், மணி ஆவுதுய்யான்னு. அன்னிக்கி, போய்ப் பாத்துட்டு வான்னேன். செருப்பக் கழட்டிட்டு உள்ள போனாரு. அந்த முதுகு சமையக்கட்டுக்குள்ள மறைஞ்சதும் எனக்கு மறுபடியும் அதே பயம் வந்துச்சு. பூட்ட இறுக்கிப் பிடிச்சிட்டு, அவரு திரும்பி வர்ற வரைக்கும் அந்தக் கதவையே பாத்துட்டு நின்னேன்.